கட்டைவிரல் மச்சினன்

"உன் தம்பியைக் கூட வெச்சுக்கிட்டு நான் தேறின மாதிரிதான்" என்று லேப்டாப்பை மனைவி பக்கம் திருப்பினார் அவர்.

திரையில், கடலுக்குள் மூழ்கப் பழக்கும் இரண்டு டைவிங் பள்ளிகள். இரண்டிலும் ஒரே பாடம்தான். முதுகில் இரட்டை சிலிண்டரை மாட்டிக்கொண்டு, சாதாரண ஆட்கள் போகாத ஆழத்துக்குப் போய் வருவதற்கான முதல் படி. ஆனால் ஒரு பள்ளியில் வியாழக்கிழமை சேர்ந்தால் ஞாயிறு மாலை சர்டிபிகேட் கையில். இன்னொன்றில் இரண்டு மாதம், சனி ஞாயிறு மட்டும். ஜோடியாகத்தான் சேர வேண்டும், ஜோடியாகத்தான் தேற வேண்டும். எல்லாம் முடிந்து "இன்னும் தயாராகலை" என்று வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

போன மாதம் அவரை அப்படித்தான் அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் கம்பெனியில் பாதுகாப்பு மேலாளர் அவர். ஊரார் தப்பையெல்லாம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். இந்தத் தப்பையும் உடனே கண்டுபிடித்துவிட்டார். காரணம், ஜோடியாக வந்த மச்சினன்.

டைவிங்கில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் 'சபாஷ்' இல்லை, 'மேலே போகலாம்'. யார் காட்டினாலும் எல்லோரும் ஏறிவிட வேண்டும். படகுக்கு வந்தபிறகு ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. மருந்துக்கடை வைத்திருக்கும் மச்சினன், ஆழத்துக்குப் போன மூன்று தடவையும் விரலைத் தூக்கினான். மூன்று தடவையும் பாடம் பாதியில் நின்றது.

படகில் கேட்கக்கூடாது என்றுதானே விதி, வீட்டில் கேலி செய்யக்கூடாது என்று இல்லையே. 'கட்டைவிரல்' என்று அவனுக்குப் பேர் வைத்தார். அடுத்த குடும்ப விருந்திலேயே வாண்டுகள் முதல் பெரியப்பா வரை அவனைப் பார்த்து விரலைத் தூக்கினார்கள். அவனும் அசடு வழியச் சிரித்து வைத்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிக்கிறவனை யார்தான் மதிப்பார்கள்?

இப்போது அவன், சனிக்கிழமைகளில் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டுவிட்டு, பழைய பள்ளியிலேயே சேர்ந்து படிக்கலாம் வாங்க மாமா என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். இவர் நாலு நாள் பள்ளிக்கு மாறிவிட முடிவு செய்திருந்தார். அங்கே ஜோடி கீடி எதுவும் தேவையில்லையாம்.

மனைவி லேப்டாப்பை மூடினாள். "தம்பியும் கூட வந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்குங்க."

"பயந்தாங்கொள்ளி கூட வந்து என்ன கிழிக்கப் போறான்?"

மறுநாள், வாடகைக்கு எடுத்த சிலிண்டர்களைத் திருப்பிக் கொடுக்கப் பழைய பள்ளிக்குப் போனார். போன கையோடு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதுதான் நிஜமான வேலை.

பயிற்சி கொடுக்கும் அம்மா, ரப்பர் உடைகளை அலசிக்கொண்டிருந்தார். நாலு நாள் வேலையை இரண்டு மாதம் இழுத்தடிப்பது பற்றி இவர் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, அலசிக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தன் பயந்ததுக்கு இன்னொருத்தனையும் சேர்த்து ஃபெயிலாக்குறதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா?" என்று முடித்தார் இவர்.

அந்த அம்மா குழாயை மூடினார். "அவர் பயந்தார்னு யார் சொன்னது?"

"சொல்லணுமா? கடைசி தடவை என் தோளைப் பிடிச்சுத் தொங்கினானே."

"ஆழத்துல மூச்சுக் காத்தே சிலருக்குப் போதை மாதிரி ஏறும் சார். ஏறினவருக்குத் தெரியாது, பக்கத்துல இருக்கிறவருக்குத்தான் தெரியும். மூணு தடவையும் உங்களுக்கு ஏறிச்சு. கடைசி தடவை நீங்க பாட்டுக்குக் கீழே போய்க்கிட்டே இருந்தீங்க. அவர் தொங்கலை, உங்களை இழுத்துப் பிடிச்சார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். 'மாமா மானஸ்தர், தாங்க மாட்டார். அடுத்த பேட்ச்ல நானே கூட இருந்து மெதுவா இறங்கப் பழக்குறேன்'னு அவர்தான் கெஞ்சினார். நானும் வாயை மூடிக்கிட்டேன், அது என் தப்பு. இப்ப நீங்க ஜோடியில்லாம நாலு நாள்ல முடிக்கப் போறேங்கிறீங்க. தயவுசெஞ்சு வேண்டாம் சார். கீழே போனா உங்களை இழுக்க ஆள் இருக்காது."

திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போனதும் மச்சினனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தார். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அக்காவைப் பார்க்க வந்தவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க சொன்னாங்க அங்கே?" என்றாள் மனைவி.

வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"நாலு நாள் கோர்ஸ் தேதி எனக்கு ஒத்து வரலை. பழைய இடத்துலயே சேர்ந்துடறேன்" என்றார். "அந்த அம்மா எல்லாத்தையும் விவரமாச் சொன்னாங்க."

மச்சினன் வெடுக்கென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் காத்திருந்தான்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போனாப் போகுது, இவனையும் கூட்டிட்டுப் போறேன். நம்ம வீட்டுப் பையன் பயத்தை நாமதானே போக்கணும்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியாடா? நீ அவ்வளவு சொதப்பினதுக்கு அப்புறமும் மாமா உன்னைச் சேர்த்துக்கிறார். இந்த மனசு யாருக்கு வரும்? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியே, ஒரு நன்றி சொல்ல மாட்டே?"

மச்சினன் தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"ரொம்ப நன்றி மாமா."