அசையாத எண்பது

தம்பிக்குச் சர்க்கரை நோயே கிடையாது. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தபின் ரத்தச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. உடம்பு பட்ட பாட்டில் அப்படி ஏறும் என்றார் நர்ஸ். அவர் பயந்தது நாடித்துடிப்புக்குத்தான். திரையில் எண்பது அசையாமல் நின்றது.

“இதயம்னா கொஞ்சம் ஏறி இறங்கணும்ண்ணே. இது கடிகாரமாட்டம் ஓடுது. நல்லதில்ல.”

நான் தம்பியின் கையைப் பிடித்தேன். எழுபத்தெட்டு, எண்பத்துமூன்று என்று எண் ஆடத் தொடங்கியது. விட்டேன். மறுபடியும் எண்பது.

“அப்ப விடாதீங்க. மூட்டை தூக்குற கைதானே, தாங்கும்.”

இரண்டு நாள் நாற்காலியை விட்டு எழவில்லை. சர்க்கரை இறங்கியது.

“தேறிட்டு வர்றாரு. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க” என்றார் நர்ஸ்.

கையை உருவினேன். வரவில்லை.

“எங்கண்ணே போற? உக்காரு” என்றான் தம்பி.

நர்ஸும் திரும்பிப் பார்த்தார். அவன் கண்கள் மூடியிருந்தன. தொண்டைவரை இறங்கிய குழாய் வாயோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. நான் உட்கார்ந்தேன்.