சக்கரத்தடி எலுமிச்சை

செங்கோடனின் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே ஹயாமி கார்தான். தறி செய்து பேரெடுத்த ஜப்பான்காரர்கள் கார் செய்தாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்பார் அப்பா.

புது ஹயாமி தானே ஓடும். பூசை முடிந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "கிளம்பு" என்றான் செங்கோடன். கார் அசையவில்லை. "சக்கரத்தடியில் ஏதோ இருக்கிறது" என்றது.

"மாமா, வண்டி சுத்த சைவமாட்ட இருக்குது, பழத்தைக்கூட பலி வாங்க மாட்டேங்குது!" என்று மைத்துனன் சிரித்தான்.

மனைவி பூங்கொடி குனிந்து ஒரு பழத்தைக் கையில் எடுத்தாள். போன வருடம் இதே வாசலில் பழைய காரைப் பின்னுக்கு எடுத்தபோது, தவழ்ந்து வந்த மகனைச் செங்கோடன் பார்க்கவில்லை.

"ஒரு பழத்துக்கே நிக்குதுங்களே" என்றாள்.

செங்கோடன் காருக்குப் பின்னால் போய், மண்டியிட்டு, சக்கரத்தடியில் பார்த்தான்.