பெரிய படகா, சின்னப் படகா?

"ரெண்டு படகைப் பாக்கணும், வாங்க" என்று கூப்பிட்ட ஜோடியிடம் மாட்டிக்கொண்டு விழித்தார் படகுத் தரகர். துறையில் நின்ற இரண்டு பழைய பாய்மரப் படகுகளிலும் அவர்களுக்கு ஆயிரம் நொட்டை.

"பெரிசு வேண்டாம். பாய் ஏத்தறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும்" என்றான் அவன்.

"சின்னதுல நீங்க நிமிர்ந்தாலே தலை இடிக்கும்" என்றாள் அவள்.

"சின்னதுதான் சொன்ன பேச்சு கேக்கும்!"

"பெரிசுலதான் நிம்மதியா தூங்கலாம்!"

இன்றைக்குப் போணி ஆன மாதிரிதான் என்று தரகர் நொந்துபோனார். "சரி, முடிவா எதை வாங்கறீங்க?"

"வாங்கறதா? விக்கணும் சார்! பெரிசு என்னோடது, சின்னது இவளோடது. அடுத்த வாரம் எங்களுக்குக் கல்யாணம். ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு?"

தரகருக்கு வாயெல்லாம் பல். "அப்போ எதை விக்கட்டும்?"

"என்னோடதை!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.