கூட்டுக்குள் புகுந்த கடல்

"எத்தனை நாளாச்சு?" மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார் தங்கராஜு.

"மூணு நாளுண்ணே. தண்ணியிலேருந்து தூக்குனதுலேருந்து பைக்குள்ளயேதான் கெடக்கு."

"அன்னைக்கே கொண்டு வர்றதுக்கு என்னா கேடு?"

"ஆபிஸ்ல கையெழுத்துப் போடாம வெளிய எடுக்க முடியாதுண்ணே."

பையின் முடிச்சை அவிழ்த்ததும் நாற்றம் குப்பென்று கிளம்பியது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் வரும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவி எழுந்து போய்விட்டாளாம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

பைக்குள் இருந்தது ஒரு கேமரா. அதைச் சுற்றி, தண்ணீர் புகாமல் காக்க வேண்டிய கனத்த அலுமினியக் கூடு. காக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

தண்ணீருக்கடியில் படமெடுக்கும் சாமான்களைப் பழுது பார்க்க ஜார்ஜ்டவுனில் தங்கராஜுவை விட்டால் ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயரை அதிகம் சொல்கிறவர் தங்கராஜுதான். வந்தவன் துறைமுகத்தில் முக்குளித்துக் கப்பல்களின் அடிவயிற்றைப் படமெடுக்கிறவன், வேலையில் சேர்ந்து இரண்டே மாதம்.

தங்கராஜு கையுறையை மாட்டிக்கொண்டு கூட்டைத் திறந்தார். தேயிலைச் சாயத் தண்ணீர் மாதிரி குபுகுபுவென்று பேசினில் கொட்டியது, மேலே எண்ணெய் மிதந்தது. கேமராவின் பாட்ரியிலிருந்து பச்சையும் கறுப்புமாக ஏதோ ஒழுகியது.

"சீச்சீ! என்னா அழுக்கு, என்னா கோத்தோர்லா இது! ஜாமான வச்சிருக்கிற லட்சணமா?"

"அண்ணே, போன தடவ உங்ககிட்டதான் சர்விஸ் போட்டுச்சு. நீங்களே பாட்ரி போட்டு, செக் பண்ணி, மூடிக் குடுத்தீங்க. உங்க கடை ரெண்டு நாள் பூச லீவு முடிஞ்சு தொறந்த அன்னைக்கு எங்க டிரைவர் வந்து எடுத்தாரு. நான் அத தொறக்கவே இல்ல. மொத டைவ்லயே தண்ணி பூந்துருச்சு."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. தொறக்கவே இல்ல, தொடவே இல்ல. அப்புறம் கடலா வந்து தொறந்துச்சு?"

தங்கராஜு இருபது வருடமாக மனிதர்களின் அழுக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முறுக்குத் தின்ற கையோடு கூட்டைத் திறந்தவனைப் பார்த்திருக்கிறார். நல்ல தண்ணீரில் ஊறவைக்காமல் உப்புப் பூத்துப்போன கேமராவை, உப்புக்கண்டம் போல் தூக்கிக்கொண்டு வந்தவனையும் பார்த்திருக்கிறார். கேமரா வாங்க வருகிறவனிடம் விலையைச் சொல்வதற்கு முன்னால் நகத்தைக் காட்டச் சொல்வது அவர் வழக்கம்.

"இந்தா பாரு, மூடியச் சுத்தி இந்த ரப்பர் வளையம் இருக்கு பாத்தியா? உசிரே இதுலதான் இருக்கு. ஒரு தலமுடி கெடந்தாப் போதும், உள்ள தண்ணி பூந்துரும். வீட்டுல சாமி ரூம்ப தொடைக்கிற மாதிரி தொடைக்கணும்லா இத!"

"அண்ணே, என் மேல தப்புன்னு மட்டும் எழுதிறாதீங்க. ரிப்போர்ட்ட பாத்ததும் கம்பெனியில கழட்டி விட்டுருவாங்க. வீட்டுக்காரி முழுகாம இருக்கா."

"எழுதறதுக்கு நான் யாரு? ஜாமான் சொல்றத எழுதுவேன்."

வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தள்ளி எடுத்தார் தங்கராஜு. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் கண்ணாடி நின்றுவிட்டது.

வளையத்துக்குத் தடவும் கிரீஸுக்கு அடியில் கடுகளவு கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. ஊசி முனையால் நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். காய்ந்த சந்தனம், அதன் தலையில் குங்குமச் சிவப்பு.

தங்கராஜுவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, ஆயுத பூசைக்குக் கேமராவ தொறந்து வச்சா பொட்டு வைப்ப?"

"அண்ணே, நான்..."

"வாயத் தொறக்காத! நம்ம ஆளுங்களுக்கு இதே பொழப்பு. கார் வாங்குனா பொட்டு, கம்ப்யூட்டர் வாங்குனா பொட்டு, அருவாமணைக்கும் பொட்டு. வைக்கிறவன் மூடி மேல வைக்கக் கூடாதா? ரப்பர் உக்கார்ற பள்ளத்துலயா கொண்டு போய் அப்புவான்? சாமி கும்புடுறதுலகூட கோத்தோரு!"

"அண்ணே, நான் சொல்றத ஒரு நிமிசம்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். ஆதாரம் தாள் மேல ஒக்காந்திருக்கு."

கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். மேசையில் வந்து உட்கார்ந்து, ரிப்போர்ட் தாளை இழுத்து, காரணம் என்று போட்டிருந்த இடத்தில் அழுத்தி எழுதினார்: உபயோகித்தவரின் அசுத்தம், கவனக்குறைவு. வளையத்தின் பள்ளத்தில் பூசைச் சந்தனம், குங்குமம்.

அந்த முக்குளிப்பவன் தாளையும் பார்த்தான், தங்கராஜுவையும் பார்த்தான். கெஞ்சல் எல்லாம் அவன் முகத்தை விட்டுப் போயிருந்தது.

"ஐசி கார்டுல உள்ள மாதிரி முழுப் பேரச் சொல்லு," என்றார் தங்கராஜு, தலையை நிமிர்த்தாமல்.

"நாகூர் மீரான் பின் கமாலுதீன், அண்ணே."