ஏழு கிலோமீட்டர் குருடு

"இது யாரு, தங்கச்சி?"

அதிகாரி மெஹ்ரெஸ் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

எம்னா குனிந்து பார்த்தாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முகநூலில் போட்ட இரண்டே வார்த்தை. முதலில் ஏழு என்ற எண், ஒட்டினாற்போல் கே, எம். அடுத்து, குருடு.

தட்டியது பிரான்ஸில், அவள் வேலை பார்க்கும் லியோன் மருந்துக்கடையில், வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல். எங்கே உட்கார்ந்து தட்டினாள் என்பதெல்லாம் சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. துனீசிய விமான நிலையத்தில், பாஸ்போர்ட் சன்னலுக்குப் பின்னால், அது பாட்டுக்குச் சாவகாசமாகக் காத்திருந்தது.

யாரோ ஒரு புண்ணியவான் முதலில் முகநூல்காரர்களிடம்தான் புகார் கொடுத்திருக்கிறான். அவர்களுடைய இயந்திரம் அதை 'ஏழு கிலோமீட்டர் குருடு' என்று மொழிபெயர்த்து, தூரத்தைத் திட்டுவதில் குற்றமில்லை என்று கை கழுவிவிட்டது.

மெஹ்ரெஸ் இயந்திரம் இல்லை. இந்த ஊர்க்காரர்.

இங்கே எல்லோரும் போனில் அரபியை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். தொண்டையிலிருந்து வரும் 'ஹ'வுக்கு ஏழு; ஆக, அவள் தட்டியது ஹ, க, ம. நடுவில் உயிரெழுத்துப் போட யாருக்கும் பொறுமை கிடையாது. ஹாகிம் என்று படித்தால் நாட்டை ஆள்கிறவர். ஹகம் என்று படித்தால் கால்பந்து நடுவர்.

முதலாவது என்றால் பல வருஷம் உள்ளே. இரண்டாவது என்றால் வீட்டுக்குப் போகலாம்.

மேசையில் அவளுடைய பனிக்கட்டிப் பை இருந்தது. உள்ளே அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கான இன்சுலின். ஒரு மணி நேரமாக வியர்த்து, மேசையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது.

"நடுவரு," என்றாள் எம்னா. குரலில் துளி நடுக்கமில்லை. "அன்னிக்கு மேட்ச் இருந்துச்சே அண்ணே."

"மேட்ச்சும் இருந்துச்சு. அன்னிக்குத்தான் தலைவர் டிவியில வந்து, நாட்டுல மருந்துக்குப் பஞ்சமே இல்லன்னு சொன்னாரு." அவருடைய பார்வை பையின் மேல் போய்த் திரும்பியது.

"நான் பந்து மட்டுந்தான் பாப்பேன்."

"சரி, எந்த நடுவரு? பேரு வேணும். அவரு வந்து புகார் குடுத்தா அதுவும் கேஸுதான்."

"குடுக்க மாட்டாரு. லஸாத் ஹம்ரூனி."

பேனா நின்றது. மெஹ்ரெஸ் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். எம்னா ஹம்ரூனி.

அந்தப் பெயரை அவர் மறக்கவா முடியும்? அதே ஞாயிற்றுக்கிழமை, எண்பத்தெட்டாவது நிமிஷம், எதிரணிக்கு லஸாத் கொடுத்த ஒரு பெனால்டி. அவருடைய சொந்த ஊர் அணி அன்றைக்கு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இன்னும் மேலே ஏறவில்லை.

"அந்தப் படுபாவி உங்கப்பனா?"

"வெளியில என்னைக் கூட்டிப் போகத்தான் நிக்கிறாரு. கூப்பிட்டுக் கேளுங்க."

அடித்துப் பேசிவிட்டாள். பேசிய பிறகுதான் அப்பாவின் குணம் நினைவுக்கு வந்தது.

அப்பா முப்பது வருஷம் விசில் ஊதியவர். அந்தப் பெனால்டிக்காக வீட்டுச் சன்னல் உடைந்தது. மீன்காரன் மீன் தர மாட்டேன் என்றான். தொலைக்காட்சிக்காரன் மைக்கை நீட்டி, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஊர் அடங்கிவிடும் என்று கெஞ்சினான். சொல்லவில்லை. கொடுத்த தீர்ப்பை அவர் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. பொய் என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதும் இல்லை.

லஸாத் உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். காகிதத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, அந்த இரண்டு வார்த்தையை வெகுநேரம் படித்தார். கீழே இருந்த தேதியையும் படித்தார்.

"லஸாத் ஸார், உங்க பொண்ணு யாரையோ குருடுன்னு எழுதியிருக்கு. உங்களத்தானாம். நெசமா?"

"என்னைத்தான்."

"அப்ப அந்தப் பெனால்டி?"

மெஹ்ரெஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இதைச் சட்டம் கேட்கவில்லை. ஒரு வருஷமாகத் தூங்காத ரசிகன் கேட்டான்.

லஸாத் காகிதத்தை மேசையில் திருப்பி வைத்தார். எம்னாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அது பெனால்டி இல்ல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

மெஹ்ரெஸ் எழுதி வாங்கினார். கையெழுத்தும் வாங்கினார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"ஸார், தப்பா நெனைக்காதீங்க. இத எங்க ஊர் காப்பிக் கடையில சொல்லாம என்னால இருக்க முடியாது."

"சொல்லுங்க," என்றார் லஸாத்.

கோப்பில் 'ஹகம்' என்று அழகான அரபியில், உயிர்க்குறிகள் ஒன்றுவிடாமல் இட்டு எழுதி, மெஹ்ரெஸ் முத்திரையைக் குத்தினார்.

காரில் அப்பா ஏசிக் காற்றை இன்சுலின் பை பக்கம் திருப்பி வைத்தார். ஊரைத் தாண்டி ஒலிவ மரத் தோப்புகள் வந்தன.

பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், சொன்னார்.

"அது பெனால்டிதான்."

"தெரியும் பாபா," என்றாள் எம்னா. "அன்னிக்கே தெரியும்."