அசாமுக்குப் போகும் ரைடர்

கபடி அணிகள் வீரர்களை விற்பதும் மாற்றுவதும் ரசிகர்களின் ஓட்டுப்படிதான் என்றாகிவிட்ட காலம். கோவில்பட்டி சலூனில் அன்று உள்ளூர் அணிக்குப் பாடிப்போகும் ரைடரான, தங்கமாரியின் மகன் வேலவனைப் பற்றித்தான் சண்டை.

“முழங்கால் போன ரைடருக்கு இம்புட்டுச் சம்பளமா? அவன அசாமுக்குத் தள்ளிட்டு, அங்க இருக்க சின்னப்பயல வாங்குங்கல. அடுத்த வருசம் கப்பு நமக்குத்தான்!”

ஒருவன் இப்படிச் சொன்ன பிறகுதான் மூலையில் உட்கார்ந்திருந்த தங்கமாரியைக் கவனித்தார்கள். வாலிபத்திலிருந்தே அந்த அணியின் ரசிகர் அவர். சின்னப்பயலின் ஆட்டத்தை அவரும் பார்த்திருந்தார். பெருமூச்சு விட்டு, செல்போனில் ‘மாற்று’ என்பதை அழுத்தினார்.

சாயங்காலம் முடிவு வந்தது. மாற்றப்பட்டவர் அன்றைக்கே ரயிலேற வேண்டும். அவர் வீடு திரும்பியபோது, சலூன் சங்கதியைக் கேள்விப்பட்டிருந்த மனைவி பேச்சியம்மாள் மகனின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பெத்த பிள்ளைய நீங்களுமா தள்ளிவிட்டீக?”

தங்கமாரி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேலவன் நொண்டியபடி வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தான்.

“அப்பாவ வையாதம்மா. நானும் மாத்தத்தான் ஓட்டுப் போட்டேன். அந்தப் பய நல்லா ஆடுதான்.”