புதன்கிழமைக் கையெழுத்து

"ஒரே ஒரு நாள்தானேன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க சார்" என்றாள் வசிதி.

பிஜித் தீவின் லௌடோகா நகரில் இருந்த அந்தத் தாய்-சேய் உதவி மையத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவள் அவள். எதிரே உட்கார்ந்திருந்தவர் மையத்தின் இயக்குநர் ஜொவேசா. அவர் காலடியில் உடம்பைத் தளர்த்தும் யாங்கோனா வேரைக் கரைத்த பானம் ஒரு கிண்ணத்தில் இருந்தது. கோபமாக வருகிறவர்களுக்கு ஒரு சிரட்டை ஊற்றிக் கொடுத்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. வசிதி சிரட்டையைத் தொடவே இல்லை.

போன வருடமே அவள் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தாள். ராத்திரி ஒரு நகல் எடுத்தால் போதாது, பகலிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நகல் எடுத்து நாந்தி கிளையில் உள்ள சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று. "சர்வர் விழுந்தா எவ்வளவு போகும்?" என்று ஜொவேசா கேட்டார். அதிகபட்சம் ஒரு நாள் வேலை என்று இவளும் உள்ளதைச் சொல்லித் தொலைத்தாள். ஒரு நாள்தானே, போனால் போகட்டும் என்று சிரித்தபடி அந்த வரியை அடித்துவிட்டார். மிச்சமான பணத்தில் வரவேற்பறைக்கு ஏசி வந்தது.

போன வாரம் சர்வர் விழுந்தது. கரும்பாலைப் பக்கம் டிரான்ஸ்பார்மர் வெடித்து, மின்சாரம் போவதும் வருவதுமாக ஆட்டம் காட்டியதில் உள்ளே இருந்த வட்டுகள் மொத்தமாகக் கருகின. முந்தைய ராத்திரி நகலிலிருந்து மற்ற எல்லாவற்றையும் வசிதி மீட்டுவிட்டாள். அன்று காலையிலிருந்து ஏறியது மட்டும் போனது போனதுதான்.

"போனது என்ன கிழமை சார்?"

"புதன்."

"புதன்கிழமை நம்மகிட்ட யாரு வருவாங்க?"

ஜொவேசா கிண்ணத்தைக் கலக்கினார். புதன்தான் தகப்பன்மார் நாள். கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளையைத் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்கிற ஆண்கள் அன்றுதான் வந்து திரையில் விரலால் கையெழுத்துப் போடுவார்கள். காகிதத்தில் வாங்கும் பழக்கம் நின்று நாளாகிவிட்டது. அந்தக் கையெழுத்து இருந்தால்தான் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் கிடைக்கும், சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அவனிடம் கேட்டு வாங்க முடியும். வருடக்கணக்கில் கெஞ்சி, சண்டை போட்டு, பாதிரியாரை விட்டுப் பேசவைத்து, ஒருவனை அந்த நாற்காலி வரை இழுத்துக்கொண்டு வருவதற்குள் ஒரு பெண்ணுக்குப் பாதி உயிர் போய்விடும். மற்ற நாட்களில் சர்வரில் ஏறுவதெல்லாம் தடுப்பூசித் தேதியும் பால்மாவுக் கணக்கும்தான்.

"திங்கக்கிழமை போயிருந்தா நானே தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன். எவ்வளவு நேரம் போகலாம்னு கேட்டீங்களே தவிர, யாருக்குப் போகுதுன்னு கேக்கலையே சார்."

ஜொவேசாவும் சும்மா இருக்கவில்லை. அன்று வந்த பத்துப் பேரையும் ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார். ஒன்பது பேர் முணுமுணுத்துக்கொண்டாவது மறுபடி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருவன்தான் பாக்கி.

"அவனும் வந்துருவான்மா. அவன் வீட்டு ஆளுங்க அந்தப் பொண்ணு வீட்டுக்கு நம்ம முறைப்படி திமிங்கலப் பல்லு கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டிருக்காங்க. பல்லு வெச்ச குடும்பம் பேச்சு மாறுமா?"

வசிதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பல்லு வெச்சது அவனோட மாமன். அதுக்கு மன்னிப்புதான் கிடைக்கும், கையெழுத்து கிடைக்காது. நேத்து நம்ம ஆளு போன்ல பேசினப்ப அவன் என்ன சொன்னான்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

"நான் எப்போ கையெழுத்துப் போட்டேன், போட்டிருந்தா காட்டு பார்க்கலாம்ங்கறான்" என்றார் மெதுவாக.

"காட்டுங்க சார்."

ஜொவேசா கோர்ட்டுக்குப் போகலாம் என்று இழுத்தார். பேஷாகப் போகலாம், அந்தப் பிள்ளைக்குப் பேரன் பிறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்றாள் வசிதி. அவள் குரல் உயர்ந்தது. பணியாளர்கள் இரண்டு பேர் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு நழுவினார்கள். ஒரு சர்வருக்காக இந்தப் பெண் இத்தனை ஆடுகிறாளே என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

ஜொவேசா கடைசியில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். அவள் புதிதாக எழுதிக் கொண்டுவந்திருந்த திட்டத்தை இழுத்து, ஒரு வரிகூட அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். பகல் நகல், நாந்தி சர்வர், மாதம் ஒருமுறை மீட்டுப் பார்க்கிற ஒத்திகை, எல்லாமே. ஏசியைக் கழற்றி விற்றாவது செய்துவிடலாம் என்றார். ஜெயித்தவளின் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"தப்பு என்னோடதும்மா. அந்தத் தாய்கிட்ட நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன். வேற யாரும் சொல்ல வேண்டாம்."

"வேண்டாம் சார், விடுங்க" என்று எழுந்தாள் வசிதி.

"இருந்து கேளு. அப்பவாவது உன் கோபம் ஆறட்டும்."

தாய்மார் வெட்கப்படக் கூடாது என்பதற்காக மையத்தில் பெயர் எழுதுகிற வழக்கமே கிடையாது. தாய்க்கு ஓர் எண்ணும் தொடர்புக்கு ஒரு போன் நம்பரும்தான் இருக்கும். ஜொவேசா திரையைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக மேசைப் போனில் அழுத்தினார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

வசிதியின் கைப்பைக்குள் மணி அடிக்கத் தொடங்கியது.